மனத்தாழ்மை யாருக்குச் சொல்லப்பட்டது? ஆதித் திருச்சபையின் எழுத்துகளை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.பி. 96 அளவில் எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கணிக்கப்படும் கடிதம் ஒன்று ரோமாபுரிச் சபையிலிருந்து கொரிந்து சபைக்குப் போயிற்று. கொரிந்தில் குறை சொல்ல இடமில்லாமல் ஊழியம் செய்துவந்த மூப்பர்கள் சிலரைச் சபையார் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்தக் கலகத்தைத் தணிப்பதற்காக எழுதப்பட்ட, இன்று 65 அதிகாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும் அந்தக் கடிதத்தை, ரோமாபுரியின் பிஷப்பாகப் பின்னாளில் எண்ணப்பட்ட கிளமெந்தின் பெயரால், 'முதலாம் கிளமெந்து' என்று அழைக்கிறோம். திருச்சபைத் தலைமையையும் மனத்தாழ்மையையும் ஒன்றாகப் பிணைத்துப் பேசும் பழைய எழுத்துகளில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் முழுதாக வாசிப்பதில்லை. நம் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, மனத்தாழ்மையைக் கீழே இருப்பவர்களின் கடமையாக மட்டும் எடுத்துக்கொள்வது. கலகம் செய்தவர்கள் மூப்பர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கடிதத்தின் 57ஆம் அதிகாரம் சொல்வது உண்மையே. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்குக் கேட்கும் சபையாரின் வாயை அடைப்பது எளிது. ஆனால் மூப்பர்களை நீக்கியது ஏன் அநியாயம் என்பதற்கு 44ஆம் அதிகாரம் தரும் காரணத்தைப் பாருங்கள். சபையார் அனைவரின் சம்மதத்தோடு நியமிக்கப்பட்டவர்கள், கிறிஸ்துவின் மந்தைக்குக் குற்றமற்றவர்களாய், மனத்தாழ்மையோடு, அமைதியாய், தன்னலமில்லாமல் ஊழியம் செய்தவர்கள், நெடுங்காலமாக எல்லாராலும் நற்சாட்சி பெற்றவர்கள் என்று அது அடுக்கிச் சொல்கிறது. பதவியில் இருக்கிறார்கள் என்பதற்காகவே அவர்களைத் தொடக்கூடாது என்று கடிதம் எந்த இடத்திலும் வாதாடவில்லை. அவர்கள் எப்படி ஊழியம் செய்தார்கள் என்பதை முன்வைத்தே வாதாடுகிறது. அந்தப் பட்டியலில் மனத்தாழ்மை மூப்பர்கள் பக்கத்தில் நிற்கிறது. கிறிஸ்து மனத்தாழ்மையுள்ளவர்களுக்கு உரியவர், தம் மந்தையின்மேல் தங்களை உயர்த்துகிறவர்களுக்கு உரியவர் அல்லர் என்று 16ஆம் அதிகாரம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பாடுபடும் ஊழியரைப் பற்றிய ஏசாயா 53ஆம் அதிகாரத்தை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்து எழுதியிருப்பதையும் சேர்த்து வாசித்தால், 57ஆம் அதிகாரத்தைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் பேசுவது எவ்வளவு பெரிய அநீதி என்பது விளங்கும்.

எழுதியவர்களின் தொனியையும் கவனிக்க வேண்டும். "உங்களுக்குப் புத்தி சொல்வதற்காக மட்டுமல்ல, எங்களுக்கே நினைவூட்டிக்கொள்வதற்காகவும் எழுதுகிறோம்; நாமெல்லாரும் ஒரே களத்தில்தான் நிற்கிறோம்" என்ற பொருளில் 7ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அங்கே களத்துக்கு வரும் கிரேக்கச் சொல், போட்டிக்காகக் கிளறிவிடப்பட்ட மண்தரையைக் குறிப்பது. நம் ஊர்ப்பேச்சில் கோதா என்று சொல்லலாம். மேடையில் நின்று கீழே பார்த்துப் பேசுகிறவர் தேர்ந்தெடுக்கும் உவமை அல்ல அது.

இரண்டாவது தவறு 54ஆம் அதிகாரத்தைத் தண்டனையாக வாசிப்பது. கட்சி கட்டியவர்களை நோக்கி, "உங்களில் பெருந்தன்மையும் இரக்கமும் அன்பும் நிறைந்தவர் யார்?" என்று கேட்கும் கடிதம், அப்படிப்பட்டவர் சொல்ல வேண்டிய வார்த்தையையும் எழுதிக் கொடுக்கிறது: கலகமும் பிரிவினையும் என்னாலே வந்ததானால், நான் விலகிப் போகிறேன், நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போகிறேன், சபையார் கட்டளையிடுவதைச் செய்கிறேன், நியமிக்கப்பட்ட மூப்பர்களோடு கிறிஸ்துவின் மந்தை சமாதானமாக இருந்தால் போதும். இப்படிச் செய்கிறவருக்குக் கிறிஸ்துவுக்குள் பெரும் புகழ் உண்டு, எந்த ஊரும் அவரை ஏற்றுக்கொள்ளும் என்றும் கடிதம் உறுதி சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில், தம் குடிகளைக் காக்கச் சாவுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த புறஜாதி மன்னர்களும், பிறருக்கு உணவளிப்பதற்காகத் தம்மையே அடிமையாக விற்றுக்கொண்ட ரோமாபுரிக் கிறிஸ்தவர்களும், தம் மக்களைக் காக்க ஆபத்தில் இறங்கிய யூதித்தும், எஸ்தரும் எடுத்துக்காட்டாக வருகிறார்கள். எதிராளியை மூக்குடைத்து அனுப்ப நினைக்கிறவர்கள் அவரை எஸ்தரோடு ஒப்பிட மாட்டார்கள். தலைமையை விட்டு இறங்குவதற்குக் கௌரவமான ஒரு வழியைத் திறந்து வைப்பதும் மனத்தாழ்மையைப் பற்றிய போதனையின் பகுதி என்பதை, சபைச் சண்டைகள் வழக்காடுமன்றம் வரை போவதைப் பார்த்திருக்கும் நாம் சற்று நின்று யோசிக்கலாம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'மனத்தாழ்மை' என்பது கிரேக்கத்தின் 'தபெய்னொஃப்ரோசுனே' என்ற சொல்லை அப்படியே அசை பிரித்து அமைத்தது போன்ற தமிழ்ச்சொல். அதன் முற்பாதியான 'தபெய்னோஸ்' கிரேக்க உலகில் பெரும்பாலும் இழிந்தவன், அடிமைத்தனமானவன் என்று வசவாகவே ஒலித்தது. தமிழில் 'தாழ்மை'யும் 'தாழ்ந்தவன்' என்ற வசையும் ஒரே வேரில் நிற்பதால், அந்த அதிர்ச்சி நமக்குப் புரிய வேண்டும். 'அடக்கம்', 'பணிவு' என்று மெருகேற்றி வாசித்தால் அது புரியாமல் போகிறது. பேதுருவின் முதல் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் 'மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்' என்று வரும் வினைச்சொல், அடிமைகள் வேலை செய்யும்போது முடிச்சிட்டுக் கட்டிக்கொள்ளும் துணியை நினைவூட்டுவதாகப் பலரும் விளக்குவார்கள். இயேசு சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவிய காட்சியும் உடனே நினைவுக்கு வரும். தோளில் கிடந்த துண்டு யார் முன்னால், யாருக்காக இடுப்புக்கு இறங்கியது என்ற வரலாறு தெரிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை. அந்தத் துணியை ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்ளும்படி பேதுரு எல்லாரையுமே கேட்கிறார். மந்தையை இறுமாப்பாய் ஆளக்கூடாது என்று மூப்பர்களை எச்சரித்த பிறகே இளைஞர்களின் பக்கம் திரும்புகிறார். தம்மையும் 'உடன்மூப்பன்' என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

ஒரு சபைக்கு ஒரே பிஷப் என்று பின்னாளில் வந்த அமைப்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது இன்னொரு தவறு. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது கண்காணிகள் (பிஷப் என்பதன் மூலச்சொல் இதுவே) என்று பன்மையிலேயே வாழ்த்துகிறார். முதலாம் கிளமெந்தும் கண்காணி, மூப்பர் என்ற இரு சொற்களையும் ஏறக்குறைய ஒரே பொருளில் கையாளுகிறது. அதில் கிளமெந்தின் பெயரே கிடையாது, அனுப்புவது 'ரோமாபுரியில் தங்கியிருக்கும் தேவனுடைய சபை'. அவர்தான் எழுதினார் என்ற செய்தி 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொரிந்தின் பிஷப் தியோனீசியு சொன்னதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு வழியாக நமக்கு வருகிறது. ஆகவே இதைத் தனி ஒரு பிஷப் மற்றொரு சபைக்கு இட்ட ஆணையாக வாசிப்பது சரியல்ல.

தனி பிஷப்பின் அதிகாரத்தை அழுத்திச் சொன்னவர் அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பத்துப் போர்வீரர்களின் காவலில் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில் அவர் எழுதிய ஏழு கடிதங்களில், பிஷப் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்ற அறிவுரை மறுபடி மறுபடி வருகிறது. இந்த வரிகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவற்றை எழுதிய கையில் இருந்த விலங்கை மறந்துவிடுகிறார்கள். "பேதுருவையும் பவுலையும் போல நான் உங்களுக்குக் கட்டளையிடவில்லை, அவர்கள் அப்போஸ்தலர், நானோ தண்டனை பெற்ற கைதி" என்று ரோமருக்கு எழுதியவரும் அவரேதான்.

மனத்தாழ்மை உள்ளத்துக்குள் இருப்பது, அதை யாரும் அளக்க முடியாது என்று நினைப்பதும் பிழை. ஆதித் திருச்சபை அதைத் தயங்காமல் அளந்து பார்த்தது. 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சேறிய 'திதாக்கே' என்னும் சிறு கையேடு, ஊர் ஊராக வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. புறப்படும்போது ரொட்டியைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது, பணம் கேட்டாலும் அவர் கள்ளர்தான். சாந்தமும் பண ஆசையின்மையும் உள்ளவர்களாய், சோதித்தறியப்பட்ட கண்காணிகளையும் உதவிக்காரரையும் நீங்களே நியமித்துக்கொள்ளுங்கள் என்பது அதே கையேட்டின் 15ஆம் அதிகாரம். பண ஆசையில் விழுந்த வாலென்ஸ் என்ற மூப்பரைப் பற்றிப் பிலிப்பியருக்கு எழுதிய சிமிர்னாவின் பிஷப் போலிக்கார்ப், அவருக்காகவும் அவர் மனைவிக்காகவும் மிகவும் வருந்துவதாகச் சொல்லிவிட்டு, அவர்களைப் பகைவராக எண்ணாமல், நோயுற்று வழிதவறிய உறுப்புகளாக எண்ணித் திரும்ப அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறார். குற்றத்தை மூடி மறைப்பதற்கு அவர் மனத்தாழ்மையைத் துணைக்கு அழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பதவியை மறுத்து ஓடுவதையும் கண்ணீர் விடுவதையும் தாழ்மையின் அடையாளமாக அப்படியே எடுத்துக்கொள்வது. தாழ்மை வேடமாகவும் வரக்கூடும் என்பதைக் கொலோசெயர் நிருபமே எச்சரித்திருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் நசியான்சின் கிரெகோரியார் குருப்பட்டம் பெற்றவுடன் ஓடியவர்தான், ஆனால் திரும்பி வந்து, ஏன் ஓடினேன் என்றும் ஏன் திரும்பினேன் என்றும் தம் மக்களுக்கு விரிவாகக் கணக்குச் சொன்னார். 391இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் மக்கள் அகுஸ்தீனைப் பிடித்து நிறுத்தி மூப்பராக்கியபோது அவர் அழுதார். பக்கத்தில் நின்ற சிலர், பிஷப் பதவி கிடைக்கவில்லையே என்று அழுவதாக எண்ணி, மூப்பர் பதவியும் பிஷப் பதவிக்கு அருகில்தான் இருக்கிறது என்று தேற்றினார்களாம். சபையை நடத்துவதில் தம்மைச் சூழவிருக்கும் ஆபத்துகளை நினைத்தே அழுததாக அகுஸ்தீன் பின்னர் சொன்னதை, அவருடன் வாழ்ந்த பொசீடியு எழுதி வைத்திருக்கிறார். தேற்றியவர்களின் வாக்கு ஒரு வகையில் பலித்தது. சில ஆண்டுகளுக்குள் அவர் பிஷப்பும் ஆனார்.