மூணு சக்கர பைக், ஸ்கூட்டர்: மலை இறக்கத்துக்கு எந்த அமைப்பு தாங்கும்?

"மூணு சக்கரம் இருக்கு, விழவே விழாது" என்று சொல்லித்தான் இந்த வண்டிகளை விற்கிறார்கள். நிற்கும்போது விழாது, சரி. ஆனால் செங்கோட்டையில் கிளம்பி, புளியரை தாண்டி, எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற ஆளுக்கு அது மட்டும் போதாது. இறக்கத்தில் ஒரு வளைவுக்குள் நுழைந்த பிறகு எதிரே லாரி வருகிறது, பிரேக் பிடித்தே ஆகணும், அந்த நேரத்தில் வண்டி என்ன செய்யும்? எந்த மூணு சக்கர வண்டியைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். விலை, மைலேஜ், அழகு எல்லாம் அப்புறம்.

முதலில் பார்க்க வேண்டியது ஜோடிச் சக்கரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. முன்னாடி ஒன்று, பின்னாடி இரண்டு என்றால் டெல்டா. நம்ம ஆட்டோ, ஹார்லி டேவிட்சன் ட்ரை கிளைடு, மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் சைடு வீல் ஸ்கூட்டர் எல்லாம் இந்த வகைதான். முன்னாடி இரண்டு, பின்னாடி ஒன்று என்றால் டாட்போல், ரிவர்ஸ் டிரைக் என்றும் சொல்வார்கள். 2007-இல் வந்த கேன்-ஆம் ஸ்பைடர் இதற்கு நல்ல உதாரணம். பைக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சக்கரத்தோடு தொட்டி ஒட்டியிருந்தால் சைடு கார். அடுத்து, வளைவில் வண்டி சாய்கிறதா, விறைப்பாகவே நிற்கிறதா என்று பாருங்கள்.

இப்போது தரையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் போடுங்கள். மூன்று சக்கரமும் தரையைத் தொடும் மூன்று புள்ளிகள் அதன் மூலைகள். வண்டி, ஓட்டுபவர் இரண்டின் மொத்த எடையும் குவிகிற புள்ளி அந்த முக்கோணத்துக்குள் எங்கேயோ இருக்கும். வளைவில் திரும்பும்போது அந்த எடை வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தள்ளப்படுகிறது, இரண்டையும் சேர்த்துச் செய்தால் முன்பக்க வெளி மூலையை நோக்கிப் போகும். டெல்டாவில் அந்த மூலையில் சக்கரமே கிடையாது. முக்கோணம் அங்கேதான் ஒடுங்கிக் கூம்பாகிறது, எடை எளிதாகக் கோட்டைத் தாண்டிவிடும், வண்டி கவிழும். டாட்போலில் அதே மூலையில் ஒரு சக்கரம் காத்துக்கொண்டு நிற்கிறது. இறக்கம் என்றால் சரிவே எடையில் கொஞ்சத்தை ஏற்கெனவே முன்னால் தள்ளியிருக்கும், ஆகவே டெல்டாவுக்கு இன்னும் கஷ்டம். ஏற்றத்தில் இது தலைகீழ். டெல்டாவின் எடை பின்னால் இருக்கிற அகலமான பக்கத்துக்கு வந்துவிடும், அதனால் புளியரையிலிருந்து மேலே ஏறும்போது நல்ல பிள்ளையாக ஏறுகிற அதே வண்டி, திரும்பி இறங்கும்போது பயமுறுத்தும். ஏறிப் பார்த்துவிட்டு வண்டி நல்லா இருக்கு என்று முடிவு செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் ஹோண்டா ஏடிசி மாதிரியான டெல்டா வடிவ மூணு சக்கர ஏடிவிகள், அதாவது ரோடு இல்லாத கரடுமுரடான தரையில் ஓட்டும் வண்டிகள், ஒரு காலத்தில் நிறைய ஓடின. கவிழ்ந்து அடிபட்டவர்கள் அதிகமாகி, 1988-இல் அங்கே புதிதாக விற்பதே நின்றுபோனது, நாலு சக்கர ஏடிவிகள் அந்த இடத்துக்கு வந்தன. உயரமான, நீளம் குறைந்த டெல்டாவில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

சரி, கையில் இருக்கிற வண்டியை எப்படி அளப்பது? டேப் ஒன்று, வாழைக்காய் மண்டியிலோ அரிசிக் கடையிலோ இருக்கும் பிளாட்பாரத் தராசு ஒன்று, இவ்வளவு போதும். ஜோடிச் சக்கரங்களின் நடுவுக்கு நடு அகலத்தை அளங்கள். பிறகு ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் தனிச் சக்கரத்தை மட்டும் தராசில் ஏற்றுங்கள், மற்ற சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து வண்டியை மட்டமாக வைக்க வேண்டும். அடுத்து ஜோடிச் சக்கரங்களின் எடை. மொத்தத்தில் ஜோடிச் சக்கரங்கள் எத்தனை பங்கைத் தாங்குகின்றன என்று கிடைக்கும். எடை மையத்தின் உயரத்தை வீட்டில் துல்லியமாக அளப்பது கஷ்டம், ஸ்கூட்டரில் ஆள் உட்கார்ந்த பிறகு சீட்டுக்குச் சற்றுக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அகலத்தை உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்து, ஜோடிச் சக்கரங்களின் பங்கால் பெருக்குங்கள். வருகிற எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

ஒரு கணக்கு. அகலம் 85 செ.மீ., உயரம் 65 செ.மீ., ஆளோடு மொத்தம் 200 கிலோ, அதில் பின் சக்கரங்கள் தாங்குவது 130 கிலோ. உயரத்தின் இரண்டு மடங்கு 130, 85-ஐ அதால் வகுத்தால் 0.65. பின் சக்கரங்களின் பங்கும் (200-இல் 130) 0.65, அதால் பெருக்கினால் சுமார் 0.42. பதினைந்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில், மட்டமான தரையில், பிரேக்கே தொடாமல் போனால்கூட மணிக்கு 28 கிலோமீட்டரில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். முப்பது மீட்டர் ஆரத்தில் அது 40. இறக்கமும் பிரேக்கும் சேர்ந்தால் இதற்கும் கீழே. வேகமே இல்லாத வேகம் இது, இருபத்தெட்டு என்பதை யாரும் ஓவர் ஸ்பீடு என்று நினைக்க மாட்டார்கள்.

சைடு வீல் மாட்டிக்கொள்ளும் பலரும் கேட்பது, "அண்ணே, வீலை இன்னும் கொஞ்சம் அகலமா வச்சுட்டாப் போதும்லா?" என்றுதான். உதவும், ஆனால் மேலே போட்ட கணக்கிலேயே பாருங்கள். அகலத்தைப் பத்து செ.மீ. கூட்டினால் எண் 0.47 ஆகிறது, உயரத்தைப் பத்து செ.மீ. குறைத்தால் 0.50 ஆகிறது. அகலத்தைக் கூட்டினால் ஆரியங்காவு கடைத்தெருவில் பார்க்கிங் செய்வதிலிருந்து தார் ரோட்டின் ஓரம் இறங்குவது வரை எல்லாம் கஷ்டம், தாழ்த்தினால் அந்தத் தொல்லை இல்லை. அதனால் சீட்டுக்கு மேலே குஷன் போடாதீர்கள், கேஸ் சிலிண்டரையோ அரிசி மூட்டையையோ பின்னால் உயரமான கேரியரில் கட்டாதீர்கள், கால் வைக்கும் பலகையில் தாழ்வாக வையுங்கள்.

சைடு வீல் ஸ்கூட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம பக்கம் நிஜமாக ரோட்டில் ஓடுகிற மூணு சக்கர ஸ்கூட்டர் என்றால் இதுதான். தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் கொடுக்கிறது, கேரளப் பக்கமும் இவை நிறைய. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் நாலு சக்கரம் இருக்கும், ஸ்கூட்டரின் சொந்தப் பின் சக்கரம் நடுவில் அப்படியே இருக்க, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கூடுதல். இழுப்பதும் நடுச் சக்கரம்தான், பல கிட்களில் பின் பிரேக்கும் அதில் மட்டும்தான். இங்கேதான் கவனம் தேவை. சைடு வீல்கள் தாழ்வாகவோ, ஸ்பிரிங் விறைப்பாகவோ இருந்தால் எடையை அவையே வாங்கிக்கொள்ளும், நடுச் சக்கரத்துக்குத் தரைப்பிடி குறையும். பள்ளத்தின் மேல் நின்றால் நடுச் சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றும், சாரல் நேரத்தில் ஈர ரோட்டில் பின் பிரேக் பிடித்தால் சறுக்கிக்கொண்டே போகும். ரொம்ப மேலே இருந்தாலோ வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்.

இதைச் சோதிக்க ஆளை உட்கார வைத்து, ஒரு சைடு வீலை மட்டும் செங்கல் உயரத்துக்கு ஏற்றி மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அப்போதும் நடுச் சக்கரம் பிடித்து இழுத்தால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. வழுக்கினால் மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், "ஓட ஓடச் சரியாயிடும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு சைடு வீலும் தனித்தனியாக மேலும் கீழும் போகும் அமைப்பு நல்லது, ஒரே கம்பியில் இரண்டும் கோத்த அமைப்பில் ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினால் ஆளே சாய்வார். வெல்டிங் எங்கே இருக்கிறது, சேசிஸில் போல்ட் பிடித்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் காற்று ஒரே அளவு இருக்கணும், இல்லாவிட்டால் ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

நடுச் சக்கரம் இல்லாத டெல்டா வண்டிகளில், இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் இருக்கிறதா என்று கேளுங்கள். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. ஆட்டோவில் அதற்கு டிஃபரென்ஷியல் உண்டு. உள்ளூரில் செய்த சில டிரைக்குகளில் ஒரே தண்டில் இரண்டு சக்கரத்தையும் பூட்டிவிடுவார்கள், அது வளைவில் நேராகவே போகப் பார்க்கும், டயரும் சீக்கிரம் தேயும்.

சாயும் வண்டிகள் வேறு உலகம். 2006-இல் வந்த பியாஜியோ எம்பி3, 2014-இல் வந்த யமஹா ட்ரைசிட்டி, பிறகு 847 சிசி யமஹா நிக்கென், இவற்றில் முன் சக்கரங்கள் இரண்டும் ஓட்டுபவரோடு சேர்ந்து சாயும். சாய்வதால் வெளிப்பக்கத் தள்ளலை பைக்கைப் போலவே சமாளிக்கின்றன, மேலே சொன்ன முக்கோணக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. ஈரத்திலும் மணலிலும் ஒரு முன் சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்று பிடிக்கும். எஸ் வளைவுக்கு எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான், மனசார சொல்கிறேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள். சாய்வதைப் பூட்டும் வசதி இல்லாவிட்டால் நின்றவுடன் கால் ஊன்றியே ஆகணும். எம்பி3-இல் அந்தப் பூட்டு உண்டு, நிக்கெனில் இல்லை. கால் ஊன்ற முடியாதவருக்குப் பூட்டு இல்லாத சாயும் வண்டி உதவாது. விலையும் உதிரி பாகமும் இன்னொரு தடை, நம்ம ஊர்க் கடைகளில் இவற்றைப் பார்க்க முடியாது. பின்னால் இரண்டு சக்கரம் சாயாமல், முன்பாதி மட்டும் சாயும் வகையும் இருக்கிறது. பிரிட்டனில் 1970-இல் வந்த ஏரியல் 3 விலை போகவில்லை, அதே யோசனையில் ஹோண்டா 1982-இல் கொண்டுவந்த கைரோ ஜப்பானில் டெலிவரி வண்டியாக நிலைத்துவிட்டது.

சைடு காரைப் பற்றிச் சுருக்கமாக. நம்ம நாட்டில் அது இடப்பக்கம் இருக்கும், இடது வளைவில் தொட்டி மேலே எழும்பும், காலியாக இருந்தால் இன்னும் சுலபமாக எழும்பும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பைக் பிரேக் மட்டும் பிடித்தால் வலப்பக்கம், அதாவது எதிரே வருகிற வண்டியின் பக்கம் இழுக்கும். தொட்டிச் சக்கரத்திலும் பிரேக் இல்லாத சைடு காரை மலைக்குக் கொண்டுவராதீர்கள்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க, காலியான மைதானத்தில் ஐந்து மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுங்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு. நண்பர் ஒருவர் தள்ளி நின்று உள்பக்கச் சக்கரத்தைப் பார்க்கட்டும், டயர் தரையில் அழுந்தியிருப்பது குறைகிறது என்று அவர் கை காட்டினால் அதோடு நிறுத்துங்கள், எழும்பும் வரை போகத் தேவையில்லை. இரண்டு பக்கமும் சுற்றுங்கள். உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து ஒருமுறை, நேராக உட்கார்ந்து ஒருமுறை சுற்றினால் வித்தியாசம் தெரியும். டெல்டாவில் பிரேக்கை எப்போதும் வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, உள்ளே போனதும் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வெளியேறப் பழகிக்கொள்ளுங்கள். செங்கோட்டைக் கணவாயில் சாரல் காலத்துக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வேகத்தை இன்னும் ஐந்து கிலோமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காகிதம். சைடு வீல் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியில் செய்யும் மாற்றம், ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். லைசென்ஸும் அந்த வகை வண்டிக்கு உரியதாக இருக்கணும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். இதெல்லாம் முடிந்து வண்டி கைக்கு வந்த பிறகு, முதல் சில வாரங்கள் சைடு வீல் போல்ட்டுகளை வாரம் ஒருமுறை ஸ்பானர் போட்டு இறுக்கிப் பாருங்கள், புது பிராக்கெட் உட்கார்ந்து இறங்கும்போது அவை தளரும்.