கடற்கரையில் டிஷ் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

விண்வெளி ஹைட்ரஜன் விடும் 21 செ.மீ. ரேடியோ அலையைப் பிடிக்க இராமநாதபுரம் கரையோரத்தில் சொந்தமாக டிஷ் ஆன்டெனா கட்டும் மாணவர்கள் யோசனை கேட்டு வருகிறார்கள். கேபிளில் மழைநீர் இறங்குவது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பணத்தை விழுங்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தகடு அடிப்பது

இந்த அலைக்கு ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையே போதும். புனேக்கு வடக்கே உள்ள ரேடியோ தொலைநோக்கியான ஜி.எம்.ஆர்.டி.யின் 30 டிஷ்களும் வலைதான்; ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம். நடுவில் 10 மி.மீ. கண், விளிம்பில் 20 மி.மீ. அதை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் செலவைக் குறைத்தது அங்கேதான். காற்று ஊடுருவிப் போய்விட்டால் சட்டம், கியர், அஸ்திவாரம் எல்லாமே இளைக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பாம்பனில் தகடு அடிப்பவர் பாய்மரம் கட்டுகிறார்.

இரண்டு உலோகங்களைச் சேர்ப்பது

எவர்சில்வர் வலை, அலுமினியச் சட்டம், அலுமினிய ரிவெட். எத்தனை முறை சொன்னாலும் இதையே வாங்கி வருகிறார்கள். இரண்டும் துருப்பிடிக்காதாம்! தனித்தனியாக இருந்தால் சரி. உப்பு ஈரம் படிந்ததும் இரண்டும் சேர்ந்து மின்கலமாகிவிடுகின்றன, கரைவது அலுமினியம். அதிலும் வலை பெரியது, ரிவெட் பொடி. அவ்வளவு பெரிய பரப்புக்கும் அந்தச் சின்னத் தலைகளே ஈடு கொடுக்க வேண்டியிருப்பதால் அரிப்பு அங்கேயே குவிகிறது.

மண்டபம் பக்கம் ஒரு டிஷ், ஒரு வாடைக்காலம்தான் கண்டிருந்தது. வலை பளபளத்தது, ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் வெள்ளை மாவு. நகத்தால் சுரண்டினேன், தலை கையோடு வந்தது. "வலை முதல் தரம் சார்" என்றார் பொறுப்பாளர். அந்த முதல் தர வலைதான் ரிவெட்டைத் தின்றது.

நட்டம் ரிவெட்டோடு நிற்பதில்லை. பிடி விட்ட இடத்தில் வலை தொய்கிறது. மேற்பரப்பின் சராசரிப் பிழை அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கை, அதாவது இங்கே ஒரு சென்டிமீட்டரை எட்டினாலே, கிடைக்கும் சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அரித்த மூட்டு டயோடு போல வேலை செய்து, செல்போன் கோபுர அலைகளைக் கலந்து புதிய இரைச்சலையும் உண்டாக்கும். அதை விண்மீன் சிக்னல் என்று பிடித்துக்கொண்டு அலைந்தவர்களும் உண்டு.

அலுமினியச் சட்டத்துக்கு அலுமினிய வலை போடுங்கள். எவர்சில்வர் வலைதான் வேண்டுமென்றால் கட்டும் கம்பியும் எவர்சில்வராக இருக்கட்டும். வலை சட்டத்தைத் தொடாதபடி நடுவே நைலான் பட்டை வையுங்கள்.

ஃபீடின் பார்வையை அகலமாக விடுவது

டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் முனைதான் ஃபீட். அதன் பார்வை டிஷ்ஷின் விளிம்பைத் தாண்டினால் அது கேட்பது வானத்தை அல்ல, 300 கெல்வின் வெப்பத்தில் தானே இரைச்சல் விடும் தரையை.

ஊட்டியைப் பார்த்துக் கட்டுவது

ஊட்டியின் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 பாகை சரிந்த மலையில் கிடக்கிறது. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது; வானத்து மூலத்தைப் பின்தொடர அந்த ஒரே அச்சில் சுழற்றினால் போதும். இராமநாதபுரத்தில் சரிவுக்கு எங்கே போவது?