கோலப்பொடியில் ஓர் இமயமலை: பாறை எப்படி வளைகிறது, எப்படி உடைகிறது?

பாடப்புத்தகங்களில் பூமியை வெட்டிக் காட்டும் படத்தில் மேலோடு நல்ல தடிமனாக இருக்கும். கண்ணுக்குத் தெரியட்டும் என்று அப்படி வரைகிறார்கள். அந்தப் படமே மனதில் தங்கிவிட்டால் பிறகு எல்லாமே தப்பாகப் புரியும். அதனால் முதலில் சரியான அளவில் ஒன்று வரைந்துவிடுவோம்.

தேவையானவை: காம்பஸ், இரண்டு மெழுகுவர்த்தி, இரண்டு நோட்டுப் புத்தகம், பக்கவாட்டில் உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டப்பா, சலித்த உலர் மணல், கலர் கோலப்பொடி, தடித்த அட்டை.

படி 1: பூமியை வரையுங்கள்

1 செ.மீ. என்றால் 1,000 கி.மீ. பூமியின் ஆரம் 6,371 கி.மீ., ஆகவே 6.4 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். அதே மையத்தில் 3.5 செ.மீ., 1.2 செ.மீ. ஆரங்களில் இன்னும் இரண்டு. நடுவில் இருப்பது உள்கருவம், திடமான இரும்பும் நிக்கலும். அதைச் சுற்றி வெளிக்கருவம், அதே உலோகங்கள் உருகிய நிலையில். மிச்சமெல்லாம் கவசம்.

மேலோடு எங்கே? கண்டங்களில் பெரும்பாலும் 30 முதல் 50 கி.மீ., கடலுக்கு அடியில் 5 முதல் 10 கி.மீ. தடிமன்தான். நீங்கள் போட்ட வெளிவட்டத்தின் பென்சில் கோடு இருக்கிறதே, அதுதான் மேலோடு! ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970 முதல் பல ஆண்டுகள் துளையிட்டு 12,262 மீட்டர் ஆழம்தான் போக முடிந்தது. அந்தக் கோட்டையே அவர்கள் தாண்டவில்லை.

அப்படியானால் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? நிலநடுக்க அலைகள் சொல்கின்றன. குறுக்கலைகள், அதாவது போகும் திசைக்குக் குறுக்காகப் பாறையை ஆட்டும் அலைகள், திரவத்துக்குள் போகாது; அதை வைத்துத்தான் வெளிக்கருவம் திரவம் என்று தெரிந்தது. அதற்குள் இன்னொரு கருவம் இருப்பதை 1936-இல் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் இந்த அலைகளைக் கொண்டே கண்டுபிடித்தார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கவசம் முழுக்க எரிமலைக் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது திடப் பாறை. ஆனாலும் மிக மெதுவாக நகர்கிறது. திடப்பொருள் எப்படி நகரும்?

படி 2: மெழுகுவர்த்தியை வளையுங்கள்

ஒரு மெழுகுவர்த்தியை அப்படியே எடுத்துச் சட்டென்று வளையுங்கள், பட்டென்று ஒடியும். இன்னொன்றைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் பத்து நிமிடம் போட்டுவைத்து, அவசரப்படாமல் வளையுங்கள். ஒடியாமல் வளையும். இரண்டுமே திடப்பொருள்தான், உருகவில்லை.

பாறையும் இப்படித்தான். பாறையின் மீது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசைக்குத் தகைவு என்று பெயர். அதனால் உருவம் மாறுவது திரிபு. குளிர்ந்த மேற்பகுதியில் தகைவு தாங்காமல் பாறை உடைகிறது. ஆழத்தில் சூடும் அழுத்தமும் கூடக்கூட, லட்சக்கணக்கான ஆண்டுகளில் அதே பாறை வளைகிறது.

படி 3: கோட்டை நகர்த்துங்கள்

இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்து, இரண்டின் அட்டை மீதும் குறுக்காகச் சாக்பீஸால் ஒரே கோடு போடுங்கள். ஒன்றை முன்னால் தள்ளினால் கோடு இரண்டாகும். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் வேலிகளும் சாலைகளும் இப்படித்தான் விலகின, சில இடங்களில் 6 மீட்டர் வரை. இது சறுக்குத் தகைவு.

படி 4: மலையை எழுப்புங்கள்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டப்பாவின் நடுவில் அட்டையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அகலம் சரியாகப் பொருந்தட்டும். இருபுறமும் அரை செ.மீ. மணல், மேலே மெல்லிசாகக் கோலப்பொடி, மறுபடி மணல் என நான்கைந்து அடுக்கு, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நிறம். அப்புறம் அட்டையை ஒரு பக்கமாக மெல்ல மெல்லத் தள்ளுங்கள். பக்கவாட்டில் இருந்து பாருங்கள்.

அட்டைக்கு முன்னால் அடுக்குகள் லேசாக மேலே வளையும். பிறகு சாய்வாக ஒரு விரிசல் ஓடும். அதன் மேல்பக்கத் துண்டு கீழ்ப்பக்கத் துண்டின்மீது ஏறும். கவனியுங்கள், அடியில் கிடந்த பழைய நிறம் இப்போது புது நிறத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இது அமுக்கத் தகைவு. அட்டைக்குப் பின்னால் இடம் விரிவதால் மணல் சாய்ந்து கீழே சரியும், அது இழுவைத் தகைவு. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் நடப்பது இதுவே.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமந்து நகரும் பெரிய பாறைப் பலகை) ஆசியாவில் மோதியபோது, முன்பக்கம் நீங்கள் பார்த்ததுதான் நடந்தது. எவரெஸ்ட்டின் உச்சியில் இருப்பது கடலடியில் உருவான சுண்ணாம்புப் பாறை. தள்ளல் இன்னும் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலம் நடுங்கியபோது, காத்மாண்டு பகுதி சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது.

டப்பாவை உடனே கொட்டிவிடாதீர்கள். ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரைப் பொறுமையாகத் தெளித்து மணல் முழுக்க ஊறவிடுங்கள். பிறகு தள்ளிய திசையிலேயே கத்தியால் நீளவாக்கில் வெட்டி, ஒரு பக்க மணலை எடுத்துவிட்டால், விரிசல் அடிவரை எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.