ஆன்லைனில் மசாஜ் தெரபி: டெல்லியில் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மயூர் விஹாரிலோ ஆர்.கே.புரத்திலோ இருந்துகொண்டு ஸ்பா வேலைக்குத் தயாராகிறீர்களா? கோர்ஸ் தேடும் முன் விதியைப் படித்துவிடுங்கள். டெல்லி அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மசாஜ் செய்பவர் பிசியோதெரபி, அக்குபிரஷர், ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) ஆகியவற்றில் ஒன்றில் அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ டிப்ளமோவோ சான்றிதழோ வைத்திருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். ஒரே நாளில் மெயிலில் வந்து விழும் ‘ஸ்வீடிஷ் மசாஜ்’ சான்றிதழ் இதற்கு உதவாது. அழகு, ஸ்பா துறைக்கான திறன் பயிற்சி அமைப்பான பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சிலின் ஸ்பா தெரபிஸ்ட் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆனால் விதி சொல்லும் மூன்று பெயர்களில் அது இல்லை. எனவே வேலை கொடுப்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சி லைசென்ஸ் கடைக்கு உரியது, அது முதலாளி பாடு.

‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்று யாராவது ஆசை காட்டினால் போனை வைத்துவிடலாம். உதாரணமாக, அமெரிக்காவில் லைசென்ஸ் தருவது அந்தந்த மாநிலம். அங்கே பல மாநிலங்கள் ஏற்கும் மசாஜ் லைசென்ஸ் தேர்வான எம்பிளெக்ஸை (100 கேள்வி, 110 நிமிடம்) எழுதினால் மட்டும் போதாது, பள்ளியில் படித்த மணிக்கணக்கும் வேண்டும்: டெக்சாஸில் 500, நியூயார்க்கில் 1,000.

திரையில் நன்றாகப் படிக்க முடிவது உடற்கூறு, சுகாதாரம், யாருக்கு மசாஜ் கூடாது என்பவை. கடைசியாகச் சொன்னதை மனப்பாடமே செய்யுங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி, சூடாக இருந்து, தொட்டால் வலித்தால் கை வைக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அது நகர்ந்து நுரையீரல் ரத்தக் குழாயை அடைத்துவிடலாம்.

லைவ் கிளாஸில் போனை முகத்துக்கு நேரே வைத்தால் ஆசிரியர் பார்ப்பது உங்கள் நெற்றியைத்தான். இரண்டு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வையுங்கள். பாதம் முதல் தோள் வரை தெரிய வேண்டும். கட்டில் தாழ்வு, முதுகு போய்விடும். ஆள் எடை தாங்கும் மேசையில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல் முட்டி மேசையைத் தொட்டால் உயரம் சரி. கட்டைவிரலால் மட்டும் அழுத்தினால் சீக்கிரமே மூட்டு வலி வரும். மணிக்கட்டை வளைக்காமல் உடம்பு எடையைச் சாய்த்து அழுத்துங்கள்.

எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது கேமராவில் தெரியாது. அதனால் நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், யார் மேற்பார்வையில் என்று எழுத்தில் வாங்காமல் ஃபீஸ் கட்டாதீர்கள்.

ஜனவரியில் பழகுவதானால் நல்லெண்ணெய் வாங்குங்கள். டெல்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாகிவிடும். எள் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, கேட்டுவிட்டே தடவுங்கள்.