ஸ்கொயர் ரூட் ஈக்வேஷன் போடுறது எப்படி, தீர்வே இல்லைன்னு எப்போ எழுதணும்?

ரூட்டுக்குள்ள தெரியாத எண் இருந்தா நிறைய பேர் பார்த்த உடனே ஸ்கொயர் பண்ண ஆரம்பிச்சிடுறாங்க. கொஞ்சம் பொறுங்க. முதல்ல இது மனசுல நிக்கணும்: √9 ன்னா 3 மட்டும்தான், −3 கிடையாது. எந்த எண்ணோட ஸ்கொயர் 9 ன்னு கேட்டாதான் 3, −3 ரெண்டும் சரி, √ குறி போட்டுட்டா பூஜ்யம் இல்லைன்னா பாசிட்டிவ், அவ்வளவுதான். இது புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும்.

தெரியாத எண்ணை ப ன்னு வெச்சுக்கலாம்.

முதல்ல ரூட்டைத் தனியா ஒரு பக்கம் கொண்டு வாங்க.
√(ப + 3) − 1 = 4
√(ப + 3) = 5
இப்போ ஸ்கொயர் பண்ணுங்க, ப + 3 = 25, ப = 22. முதல் வரியில போட்டுப் பாருங்க, 5 − 1 = 4, சரியா இருக்கு. தனியா கொண்டு வராமலே ஸ்கொயர் பண்ணியிருந்தா விரிக்கும்போது நடுவுல மறுபடி ஒரு ரூட் வந்து நின்னிருக்கும், வேலைதான் கூடும்.

அடுத்தது √(2ப − 1) + 7 = 4. தனியா எடுத்தா √(2ப − 1) = −3. இங்கயே நிறுத்திடுங்க! ரூட் எப்பவும் மைனஸ் ஆகாது, அதனால தீர்வு இல்லை. கவனிக்காம ஸ்கொயர் பண்ணிட்டா ப = 5 ன்னு அழகா ஒரு விடை வரும், ஆனா அதைப் போட்டா 3 + 7 = 10, நமக்கு வேண்டியது 4.

ஏன் இப்படி ஆகுதுன்னா 3 ஐ ஸ்கொயர் பண்ணாலும் −3 ஐ ஸ்கொயர் பண்ணாலும் 9 தான், மைனஸ் இருந்த தடயமே அழிஞ்சு போயிடுது, அந்த வழியாதான் பொய் விடை உள்ள நுழையுது. அதனால சரிபார்க்கிறதும் கணக்குல ஒரு ஸ்டெப்தான், டைம் இருந்தா பண்ணலாம்னு விடாதீங்க.

√(ப + 6) = ப
ஸ்கொயர் பண்ணா ப² − ப − 6 = 0, காரணிப்படுத்தினா 3, −2. 3 ஐப் போட்டா √9 = 3, ஓகே. −2 ஐப் போட்டா இடது பக்கம் √4, அதாவது 2, வலது பக்கம் −2. அதை அடிச்சிடுங்க, விடை 3 மட்டும்.

ரெண்டு பக்கமும் ரூட் இருந்தா? √(ப − 5) = √(2ப − 3). ஸ்கொயர் பண்ணா ப = −2. போட்டுப் பார்த்தா ரெண்டு பக்கமும் √(−7), ஒரே மாதிரி இருக்கேன்னு டிக் போட்டுடத் தோணும். ஆனா மெய்யெண்கள்ல √(−7) ன்னு ஒண்ணு இல்லவே இல்லை, அதனால இதுக்கும் மெய்யெண் தீர்வு இல்லைன்னு தைரியமா எழுதுங்க.