பெல்லி டான்ஸைத் தொழிலாக எடுப்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

"அக்கா, ஒரு வருஷம் கத்துக்கிட்டேன். கிளாஸ் ஆரம்பிக்கலாமா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கேட்கிறவர்களின் ஆர்வத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடுப்பை எட்டுப் போலச் சுழற்றத் தெரிந்திருக்கும், ஷிம்மி என்ற வேகமான உடல் அதிர்வு நிற்காமல் ஐந்து நிமிடம் வரும், பளபளக்கும் உடையும் ஒன்று வாங்கி வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஒரு பாட்டுப் போடறேன், என்ன தாளம்னு சொல்லும்மா." பெரும்பாலும் பதில் வராது.

கெய்ரோவில் ஒரு கல்யாண வீட்டில் ஆடும் கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி முதல் பேத்தி வரை எல்லோரும் அந்தப் பாட்டோடு வளர்ந்தவர்கள், வீட்டுக்கூடத்தில் தாங்களே ஆடுகிறவர்கள். தாளம் தவறினால் அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும். நம் ஊரில் அப்படி இல்லை. பார்வையாளருக்கு இந்த நடனம் தெரியாது, நிகழ்ச்சி ஏற்பாட்டாளருக்கும் தெரியாது. தவறாக ஆடினாலும் கைதட்டுவார்கள். பத்து வருடம் தவறாகவே சொல்லிக்கொடுத்தாலும் கேட்க ஆள் இல்லை. ஆகவே எது சரி, எதற்கு எவ்வளவு, எது கூடாது என்று வரையறுக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வந்தவை.

காதுக்கு முன்னால் இடுப்பைப் பழக்குவது

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. எகிப்திய பாணியின் பெயர் ரக்ஸ் ஷர்கி, அதாவது கிழக்கத்திய நடனம். அதில் ஆடுபவரின் வேலை, இசை சொல்வதை உடம்பால் காட்டுவது. கானூன் என்ற கருவியின் தந்தி நடுங்கினால் உடம்பில் ஷிம்மி, நேய் என்ற புல்லாங்குழல் நீளமாக இழுத்தால் மெதுவான வளைவுகள், தப்லாவின் அடிக்கு இடுப்பின் வெட்டு. அங்கே தப்லா என்றால் நம் ஊர் இரட்டைத் தபலா இல்லை. மடியில் சாய்த்து வாசிக்கும், கிண்ணம் போன்ற ஒற்றைத் தோல்கருவி. மற்ற நாடுகளில் அதைத் தர்புகா என்பார்கள்.

அந்தக் கருவியின் கனமான ஒலி 'தும்', மெல்லிய ஒலி 'தக்'. மூன்று தாளங்களைப் பாருங்கள்.

மக்ஸூம்: தும் தக் – தக் தும் – தக் –
பலதி: தும் தும் – தக் தும் – தக் –
ஸயீதி: தும் தக் – தும் தும் – தக் –

எட்டு எண்ணிக்கை (கோடு உள்ள இடத்தில் அடி இல்லை), ஒரே எலும்புக்கூடு. மக்ஸூமில் இரண்டாவது எண்ணிக்கையில் வரும் தக்கைத் தும் ஆக்கினால் பலதி, நான்காவது எண்ணிக்கையில் வரும் தக்கைத் தும் ஆக்கினால் ஸயீதி. இந்த ஒரே ஒரு அடிதான் உடையையும், கால் வைக்கும் விதத்தையும், முகபாவத்தையும் மாற்றுகிறது. ஸயீதி என்றால் மேல் எகிப்தின், அதாவது நாட்டின் தென்பகுதியின் மண். அங்கே ஆண்கள் கம்பு வைத்து ஆடும் தஹ்தீப் என்ற சிலம்பம் போன்ற கலையிலிருந்துதான் பெண்களின் கம்பு நடனம் வந்தது. ஸயீதி இல்லாத பாட்டுக்குக் கம்பைச் சுழற்றும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு வாரம் கைதட்டிப் பழகியிருந்தால் போதும், அந்தப் பிழை வந்திருக்காது.

கர்நாடக இசை கொஞ்சம் கற்றவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அரபு இசையில் நம் ராகம் போன்றது மகாம். ஹிஜாஸ் கார் என்ற மகாமின் சுரங்கள், நாம் சரளி வரிசை படிக்கும் மாயாமாளவகௌளையோடு ஒத்துப்போகும். தாளம் இல்லாமல் ஒற்றைக் கருவி வாசிக்கும் தக்ஸீம், ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். ஆனால் பயாத்தி, ராஸ்த் போன்ற மகாம்களில், ஹார்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் கால் சுரங்கள் வரும். ஹார்மோனியத்தில் அவை கிடைக்காது. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

வரிகளையும் விடாதீர்கள். அரபு தெரியாது என்பது குறை இல்லை. வரியின் அர்த்தம் தெரியாமல் மேடை ஏறுவதுதான் குறை. பிரிவுத் துயரப் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்கள், பக்திப் பாட்டுக்கு உடை பளபளக்க ஆடுகிறார்கள். இரண்டாவது உண்மையிலேயே மனதைப் புண்படுத்தும். எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம் 1964-இல் பாடிய 'இன்த உம்ரி' உலகம் முழுக்க இந்த நடனத்துக்கு எடுக்கப்படும் பாட்டு. முகமது அப்துல் வஹாப் இசையமைத்தது. முழுப் பாட்டு ஒரு மணி நேரத்தைத் தொடும் என்பதால் ஆடுபவர்கள் அதன் முன்னிசையை எடுப்பார்கள். அரபு தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அந்த இசை தொடங்கியதுமே கண்கலங்கக்கூடும். அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுக்கதை சொல்வது

வீட்டில் எதிர்ப்பு, அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பேச்சு. அதைச் சமாளிக்க நம்மில் பலர் 'இது ஐயாயிரம் வருடப் பழமையான கோயில் நடனம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆரம்பத்தில் நானும் சொன்னேன். அதற்கு ஆதாரம் இல்லை. யாராவது ஒருவர் கேள்வி கேட்டால் நம் மேல் உள்ள நம்பிக்கை மொத்தமும் போய்விடும்.

உண்மையான வரலாறே போதும், அதில் நிமிர்ந்து நிற்க நிறைய இருக்கிறது. 1834-இல் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பாஷா, பொது இடங்களில் ஆடிய பெண்களைக் கெய்ரோவிலிருந்து மேல் எகிப்துக்கு விரட்டினார். அவர்கள் அழிந்துபோகவில்லை. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வட ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு நடனங்களைக் காட்டிய பிறகுதான் அமெரிக்காவில் 'பெல்லி டான்ஸ்' என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. வெளியார் வைத்த பெயர் அது. 1926-இல் பதியா மஸாப்னி என்ற பெண் கெய்ரோவில் தன் இசையரங்கைத் திறந்தார். இன்று நாம் மேடையில் பார்க்கும் வடிவம் திரண்டது அந்தக் காலத்து அரங்குகளில்தான். புகழ்பெற்ற நடனக் கலைஞர்கள் தஹியா காரியோகாவும் சாமியா கமாலும் பதியாவிடமிருந்து வந்தவர்கள். கைகளைத் தூக்கி வைப்பது, மேடை முழுவதும் நகர்வது, அந்த இரண்டு துண்டு உடை எல்லாம் அந்தக் காலத்துச் சேர்க்கை. பாலேயும் ஹாலிவுட்டும் அதில் கலந்திருக்கின்றன. 1959-இல் மஹ்மூத் ரெதா தன் குழுவைத் தொடங்கி, கிராமத்து ஆட்டங்களைத் தேசிய மேடைக்குக் கொண்டுவந்தார்.

நமக்கு இந்தக் கதை அந்நியமானதும் இல்லை. சதிர் ஆடிய குடும்பங்களை இழிவாகப் பேசிவிட்டு, அதே கலையைப் பரதநாட்டியம் என்ற பெயரில் மேடையேற்றியது நம் ஊர். பெண் உடம்பால் சம்பாதிக்கிறாள் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால், மாணவியின் அம்மாவிடம் பொறுமையாகப் பேச முடிகிறது. நான் அவர்களை வகுப்பில் வந்து உட்காரச் சொல்கிறேன். இரண்டாவது வாரம் அவர்களே தாளம் போடுவார்கள்.

சொல்லிக்கொடுப்பதில்

நன்றாக ஆடுகிறவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் முழங்காலைப் பூட்டிக்கொண்டு ஷிம்மி செய்தாலும் உங்களுக்கு இன்று வலிக்காமல் இருக்கலாம். வகுப்பில் நாற்பது வயதில், இரண்டு பிரசவத்துக்குப் பிறகு வரும் ஒருவருக்கு அது மூன்றே வாரத்தில் முதுகைப் பிடித்துக்கொள்ளும். முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும், வால் எலும்பு தரையைப் பார்க்க வேண்டும், இடுப்பு மேலே போவது காலின் வேலை, கீழ் முதுகின் வேலை இல்லை. இதை முதல் நாளிலிருந்தே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சேரும்போதே டிஸ்க் பிரச்சினை, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மொசைக், கிரானைட் தரையில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம் ஆடவைக்காதீர்கள். நல்ல மரத்தரை கிடைக்காவிட்டால் மெத்தென்ற விரிப்பாவது வேண்டும். திருத்துவதற்காக ஒருவரைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். பெண்ணுக்குப் பெண் என்றாலும் கேளுங்கள்.

இன்னொன்று, பாட்டுக்கு ஒரு நடனம் என்று அமைத்துக் கொடுத்துக்கொண்டே போவது. மாணவிகளுக்கு உடனடி மகிழ்ச்சி, வீடியோவும் நன்றாக வரும். இரண்டு வருடம் கழித்து அவர்களுக்கு எட்டுப் பாட்டு தெரியும், ஒன்பதாவது பாட்டு போட்டால் கை கால் ஓடாது. ரக்ஸ் ஷர்கி அடிப்படையில் அந்த நேரத்தில் இசையைக் கேட்டு ஆடுவது. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் தெரியாத பாட்டு ஒன்றைப் போட்டு அவர்களை விட்டுவிடுங்கள். முதலில் கூச்சப்படுவார்கள். பழகட்டும்.

வேறொருவர் அமைத்த நடனத்தைச் சொல்லிக்கொடுத்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள், அதற்கு அவருடைய அனுமதியும் வாங்குங்கள்.

பணமும் பாதுகாப்பும்

இதைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். "காசு இல்லம்மா, ஆனா நாலு பேர் பார்ப்பாங்க" என்ற அழைப்பு கட்டாயம் வரும். நல்ல காரியத்துக்கு இலவசமாக ஆடுவது உங்கள் விருப்பம். ஆனால் ஒலிபெருக்கிக்காரருக்கும் சமையல்காரருக்கும் காசு கொடுக்கும் நிகழ்ச்சியில் நீங்கள் மட்டும் ஏன் சும்மா ஆட வேண்டும்? பதினைந்து நிமிட ஆட்டத்துக்குப் பின்னால் பயிற்சி, உடை, அலங்காரம், போக்குவரத்து, காத்திருப்பு என்று ஒரு முழு நாள் போகிறது. ஒரு முறை உட்கார்ந்து எல்லாச் செலவையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதற்குக் கீழே எந்தத் தொகை சொன்னாலும் உங்கள் கைக்காசைப் போட்டு ஆடுகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொரு கலைஞர் கேட்ட தொகையில் பாதிக்கு வருகிறேன் என்று வாய்ப்பைப் பிடிப்பவர், அடுத்த வருடம் அதே பாதிக்குத்தான் ஆட வேண்டியிருக்கும்.

ஆரம்ப காலத்தில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. எட்டு மணிக்கு மேடை என்றார்கள், ஏறியது பதினொன்றுக்கு. உடை மாற்றக் கொடுத்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. முடிந்ததும், நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பேசிய தொகையில் குறைத்துக் கொடுத்தார்கள். என் கையில் எழுத்தில் எதுவும் இல்லை. அன்றிலிருந்து பாதித் தொகை முன்பணமாக வராமல் தேதியை உறுதி செய்வதில்லை. வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குகிறேன்: எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், மேடை எவ்வளவு பெரியது, பூட்டக்கூடிய அறை, யார் படம் எடுக்கலாம், தாமதமானால் என்ன. என் மேல் பண நோட்டு வீசுவதும் தொடுவதும் நடந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன், தொகை முழுசாகத் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இதை எழுதினால் வாய்ப்பு போய்விடும் என்று பயப்படாதீர்கள். இதைப் படித்துவிட்டுப் பின்வாங்குகிறவரின் நிகழ்ச்சிக்கு நீங்கள் போகாததே நல்லது.

தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவர் வரட்டும். ஆடுவதற்கு முன்னும் பின்னும் உடைக்கு மேல் நீளமான அங்கி இருக்க வேண்டும். எகிப்திய மேடைக் கலைஞர்களும் அப்படித்தான். அந்த அங்கி கழன்றால்தான் ஆட்டம் தொடங்குகிறது என்பது கூட்டத்துக்கே புரியும். பாட்டைப் பென் டிரைவ், கைப்பேசி இரண்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தை நம்பி மண்டபத்துக்குப் போகாதீர்கள்.

சமூக ஊடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முப்பது நொடிக் காணொளி உங்களை அறிமுகப்படுத்தும், அவ்வளவுதான். அதற்காகவே ஆடத் தொடங்கினால் முப்பத்தோராவது நொடியில் என்ன செய்வது என்று தெரியாமல் போகும்.

கெய்ரோக் கனவு

கொஞ்சம் பெயர் வந்ததும் கெய்ரோவில் ஆட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கே கற்றுக்கொள்ளப் போவது வேறு, வேலைக்குப் போவது வேறு. எகிப்தில் தொழிலாக ஆட உரிமம் வேண்டும், வெளிநாட்டவருக்கு வேலை அனுமதியும் வேண்டும். 2004-இல் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு ஒரு தடையே வந்து, பிறகு நீங்கியது. உடைக்கும் விதிகள் உண்டு. வயிற்றை வலைத்துணியால் மூடும் வழக்கம் அதனால் வந்தது. 2018-இல் ஒரு ரஷ்யக் கலைஞர் உடை பற்றிய புகாரில் கைதானார். 'எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், சுற்றுலா விசாவில் வாங்க' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கற்கப் போவதற்கு நல்ல வழி இருக்கிறது. ரெதா குழுவில் ஆடிய ரக்கியா ஹசன், பிறகு ஆசிரியராகி, 2000-இல் கெய்ரோவில் அஹ்லன் வ சஹ்லன் என்ற நடன விழாவைத் தொடங்கினார். உலகம் முழுவதிலுமிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் வரும் விழா. இப்படிப்பட்ட விழாவுக்குப் போவதானால் ஒரு வருடம் முன்பே சேமிக்கத் தொடங்குங்கள். பட்டியலைப் பார்த்ததும் எல்லா வகுப்புக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். மூன்றாம் நாளே உடம்பு ஓய்ந்துவிடும், எதுவும் மண்டையில் ஏறாது. ஒரு நாளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மாலையில் அறைக்குத் திரும்பியதும் கற்றதைத் தமிழிலேயே எழுதி வையுங்கள், அடுத்த மாதம் உங்கள் மாணவிகளுக்குச் சொல்ல அந்த நோட்டுதான் உதவும். அப்புறம், நேரடி இசைக்கு யாராவது ஆடுகிறார்கள் என்றால் எப்படியாவது போய் உட்கார்ந்துவிடுங்கள். ஆடுபவரைப் பார்ப்பதற்கு முன்னால், தப்லா வாசிப்பவரின் கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.