விட்டு விட்டு வரும் எஞ்சின் சத்தம்: வொர்க்‌ஷாப் போவதற்கு முன் நாமே கண்டுபிடிப்பது எப்படி?

காரில் ஒரு சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பானெட்டைத் திறந்ததுமே ஃபோர்மேன் காதில் விழுந்துவிடும். உயிரை வாங்குவது விட்டு விட்டு வரும் சத்தம்தான். பினாங்கின் ஜெலுத்தோங் நெரிசலில் கீச் கீச் என்று ஊரையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டு, வொர்க்‌ஷாப் வாசலுக்குப் போனதும் ஊமையாகிவிடும். தவுக்கே, அதாவது கடை முதலாளி, என்ன செய்வார் பாவம், "சத்தம் வரும்போது கொண்டு வா லா" என்று அனுப்பிவிடுவார். இல்லையென்றால் பெல்ட்டை மாற்றிப் பார்க்கலாம், எஞ்சினைத் தாங்கும் மவுண்டை மாற்றிப் பார்க்கலாம் என்று உங்கள் காசில் ஆராய்ச்சி ஆரம்பமாகும்.

ஆனால் எந்தச் சத்தமும் காரணம் இல்லாமல் வருவதில்லை. குளிர்ந்த எஞ்சின், ஈரம், ஏர்கோன், மேடு, இப்படி ஏதோ ஒன்று அதைக் கிளப்பிவிடுகிறது. அந்த ஒன்று எது என்று பிடிப்பதுதான் நம் வேலை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்களும் கீழே உள்ளதைச் செய்யலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, வெப்ப முள் மேலே ஏறினாலோ, எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து டொக் டொக் என்று கனமாக இடிக்கும் சத்தம் வந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். பாதுகாப்பாக ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, கயிறு கட்டி இழுத்தாவது கொண்டுபோங்கள். அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நினைவூட்டுவதற்காக வைத்ததல்ல. ஆயிலின் அழுத்தமே விழுந்துவிட்டது என்று அர்த்தம். "வீடு பக்கம்தானே" என்று இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் பேரிங்குகள் போய், எஞ்சினையே இறக்க வேண்டி வரலாம்.

படி 1: எழுதி வையுங்கள்

ஒரு வாரத்துக்கு, சத்தம் வரும் ஒவ்வொரு முறையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, மழை பெய்ததா, ஏர்கோன் ஓடியதா, நின்றுகொண்டிருந்தீர்களா, வளைவில் திரும்பினீர்களா, எண்ணெய் (ஆக்ஸிலரேட்டர்) மிதித்தபோதா விட்டபோதா. பக்கத்தில் யாராவது இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம். சலிப்பான வேலைதான், ஆனால் கண்டுபிடிப்பில் பாதி இந்தக் குறிப்பிலேயே நடந்துவிடும்.

படி 2: எஞ்சினா, சக்கரமா?

காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஆட்டோ கியர் என்றால் P-யிலும் மேனுவல் என்றால் நியூட்ரலிலும் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ரேடியோவையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்குங்கள். இப்போது மெதுவாக மிதித்து 2500, 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) வரை ஏற்றி இறக்குங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்து, ஆர்பிஎம் ஏற ஏற வேகமானால் எஞ்சின் பக்கம்தான்.

நிற்கும்போது வராமல் ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், பிரேக், டிரைவ் ஷாஃப்ட் பக்கமும் சந்தேகப்பட வேண்டும். ரவுண்டபௌட்டில் முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் டக் டக் டக் என்றால் அது பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். பினாங்குப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது மட்டும் தட் என்றால் அப்சார்பர், புஷ், எஞ்சின் மவுண்ட், இவற்றில் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலில் தட்டிப் பார் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், நெரிசலான சாலையில் அது ஆபத்து.

படி 3: ஏர்கோன் பட்டன்

நம் ஊரில் ஏர்கோனை அணைத்து ஓட்டுகிறவர் யார்? அதனாலேயே இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. விட்டு விட்டு வரும் சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஏர்கோனைத்தான், ஏனென்றால் அதுவே விட்டு விட்டுத்தான் வேலை செய்கிறது. பல கார்களில் ஏர்கோன் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரின் முன்னால் ஒரு காந்தக் கிளட்ச் இருக்கிறது. உள்ளே போதுமான அளவு குளிர்ந்ததும் கிளட்ச் விடும், சூடு ஏறியதும் மறுபடி பிடிக்கும். நீங்கள் எதையும் தொடாமலேயே இது நடந்துகொண்டிருக்கும். பிடிக்கும் கணத்தில் வரும் டக் என்ற ஒற்றைச் சத்தம் சாதாரணமானது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

எஞ்சின் ஓட, பானெட் திறந்திருக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏர்கோன் பட்டனை அரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைக்கட்டும், நீங்கள் வெளியே நின்று கேளுங்கள். கிளட்ச் பிடித்த கணத்தில் மட்டும் கீச் என்று கத்தி அடங்கினால் பெல்ட் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது, திடீரென்று விழும் சுமையில் பெல்ட் வழுக்குகிறது. பிடித்திருக்கும் நேரம் முழுவதும் கரகர என்று அரைத்தால் கம்ப்ரஸரின் உள்ளே கோளாறு. பிடித்ததும் கார் முழுக்க அதிர்ந்து எங்கோ பிளாஸ்டிக் தடதடத்தால் எஞ்சின் மவுண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தலைகீழான ஒன்றும் உண்டு. ஏர்கோன் அணைத்திருக்கும்போது உர்ர் என்று வரும் சத்தம், போட்டதும் நின்றுவிடும். கிளட்ச் விட்டிருக்கும்போது பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லி மட்டும் தனியாகப் பேரிங் மேல் சுற்றுகிறது. பிடித்ததும் புல்லியும் கம்ப்ரஸர் தண்டும் சேர்ந்தே சுற்றுவதால் அந்தப் பேரிங்குக்கு வேலை இல்லை. ஆகவே புல்லி பேரிங் தேய்ந்திருக்கிறது. இது தெரியாமல் போனால் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. பேரிங் மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள், இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது. சில புதிய கார்களில் கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது, அவற்றில் இந்தச் சோதனை எடுபடாது.

ஏர்கோன் போட்டால் ரேடியேட்டர் ஃபேனும் கிளம்பும் என்பதை மறக்காதீர்கள். கையை உள்ளே விடாதீர்கள். துப்பட்டா, தளர்ந்த கூந்தல், கைச்சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

படி 4: பெல்ட்டுக்குக் கொஞ்சம் தண்ணீர்

காலையில், அதுவும் இரவு மழை பெய்திருந்தால் மட்டும் கத்துகிற கார்களுக்கு இது. செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து, தள்ளி நின்று, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் ஒரு தடவை தெளியுங்கள். சத்தம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் கூடினால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை. பெல்ட் ஸ்ப்ரே என்று கடையில் விற்பதை அடிக்க வேண்டாம், கொஞ்ச நாளைக்குச் சத்தம் அமுங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

படி 5: காலையில் முதல் ஸ்டார்ட்

இரவு முழுக்க நின்ற கார்தான் வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள், கார் சமதளத்தில் நிற்க வேண்டும். அளவு குறைவாக இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். பாதி டிக்டிக் சத்தங்கள் அங்கேயே அடங்கிவிடும்.

முதல் இரண்டு மூன்று விநாடிகள் கரகரவென்று வந்து அடங்கினால், டைமிங் செயின் (கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலி) உள்ள எஞ்சினில் செயினையும் டென்ஷனரையும் சந்தேகியுங்கள். முதல் தலைமுறை பெரோடுவா மைவியில் இருப்பது செயின். கேம்ப்ரோ எஞ்சின் வந்த புரோட்டான் சாகாவில் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட், அதில் இந்தக் கேள்வியே எழாது. சில நிமிடங்கள் டிக்டிக் என்று அடித்து, சூடு ஏறியதும் காணாமல் போனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருக்கலாம், இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். இன்ஜெக்டர்கள் எப்போதும் மெல்ல டிக்டிக் என்றுதான் இருக்கும், அது குறையே அல்ல.

டிக்டிக் எவ்வளவு வேகம் என்பதையும் கேளுங்கள். 800 ஆர்பிஎம்மில் எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் விநாடிக்குப் பதின்மூன்று சுற்றுக்கு மேல் சுற்றும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அதில் சரிபாதி. மேலிருந்து கொஞ்சம் நிதானமான டிக்டிக் வந்தால் வால்வு பக்கம்.

படி 6: நீள ஸ்க்ரூடிரைவர்

எந்தப் புல்லி சத்தம் போடுகிறது என்று குழப்பமா? நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரின் உடலில், அசையாத பகுதியில் அழுத்தி வைத்து, கைப்பிடியின் பின்பக்கத்தைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வையுங்கள். நல்ல பேரிங் ஒரே சீராக உஸ் என்று ஓடும். தேய்ந்தது உள்ளே மணல் சிக்கியதாக நெருநெருக்கும், கைப்பிடியிலேயே அந்த நடுக்கம் தெரியும். அப்புறம் பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியைத் தாங்கும் போல்ட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி ஒப்பிடுங்கள். சுற்றுகிற எதையும் முனை தொடக் கூடாது.

படி 7: கீழே தட்டிப் பாருங்கள்

குறிப்பிட்ட ஒரே ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்வதாகக் கேட்டால், எஞ்சின் நன்றாக ஆறியபின் எக்ஸாஸ்ட்டைச் சுற்றியுள்ள மெல்லிய வெப்பத் தகட்டை கைமுட்டியால் தட்டுங்கள். ஆட்டம் இருந்தால் போல்ட் துளையைச் சுற்றித் துரு தின்றிருக்கும். பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினாலே போதும். மிகப் பயங்கரமாகக் கேட்பதும் இதுதான், மிக மலிவாக முடிவதும் இதுதான்.

படி 8: மேடு ஏறும்போது மட்டும்

பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் துன் சார்டோன் சாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறும்போது, டப்பாவில் சில்லறையைக் குலுக்குவது போலச் சலசலத்தால் அது நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் முறை தவறி வெடிப்பது. சமதளத்தில் வரவே வராது. அடுத்த முறை ரோன்97 பெட்ரோல் போட்டு அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். நின்றுவிட்டால் உறுதிதான், ஆனால் விலை கூடிய எண்ணெயையே போட்டுக்கொண்டிருப்பது தீர்வல்ல. ரோன்95 போதும் என்று கையேட்டில் இருந்தால் கார்பன் படிவு, எஞ்சின் சூடு, சென்சார் என்று பார்க்க வேண்டும்.

தவுக்கேயிடம் என்ன சொல்வது?

"பெல்ட்டை மாத்துங்க" என்று போய் நிற்காதீர்கள். மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார், சத்தம் நிற்காவிட்டால் பழி உங்கள் மேல். "குளிர்ந்த எஞ்சின், ஏர்கோன் போட்டதும் கீச், ரெண்டு விநாடியில நிக்குது, வீடியோ இருக்கு" என்று சொல்லுங்கள். காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் காரை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது வருவது என்றால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டுங்கள், அந்தச் சத்தத்தை எப்படி வரவைப்பது என்று இப்போது உங்களுக்குத்தான் தெரியும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்புறம் பணம் கொடுப்பதற்கு முன், முன்பு சத்தம் வந்த அதே நிலைமையில் ஒரு முறை ஓட்டிவிட்டு வாருங்கள்.